கோவையின் பழைய தெருக்களில் வாடகை வீடு: திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகள்

பதினாறு வருடத்தில் கோயம்புத்தூருக்குள் நான்கு வாடகை வீடு மாறியிருக்கிறேன். தெப்பக்குளம் வீதியில் ஒரு மாடி, ராம் நகரில் ஒரு போர்ஷன், புலியகுளத்தில் லைன் வீடு (ஒரே கூரையின்கீழ் வரிசையாக ஒட்டிய வீடுகளில் ஒன்று), இப்போது சுக்ரவார்பேட்டையில் ஓட்டு வீடு. நான்குமே என்னைவிட வயதில் மூத்தவை. சரவணம்பட்டி அடுக்குமாடியில் சலித்துப்போன சொந்தக்காரர்கள், பெங்களூரை விட்டு ஊர் திரும்புகிறவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் இந்தப் பக்கம். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அக்கா, பழைய ஏரியான்னா எதெது? மொத்தக் கோயம்புத்தூரும் பழசுதானே?

அப்படித் தோன்றும், ஆனால் இல்லை. இங்கே நகராட்சி வந்தது 1866-இல். அன்றைக்கு ஊர் என்றால் கோனியம்மன் கோயிலைச் சுற்றிய ராஜ வீதி, பெரிய கடை வீதி, ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்பக் கவுண்டர் வீதி, தெற்கே கோட்டை போய்ப் பெயர் மட்டும் நிற்கும் கோட்டைமேடு. டவுன்ஹால் கட்டிடம் 1892-இல் வந்தது. நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடு, திண்ணை, ஆள் ஒருவர் மட்டும் நுழையும் சந்து எல்லாம் வேண்டுமென்றால் இந்த வட்டத்துக்குள்தான் தேட வேண்டும்.

1900-களின் தொடக்கத்தில் பிளேக் நோய் ஊரைப் புரட்டிப் போட்டது. பிளேக் மாரியம்மன் என்று சாமிக்கே பெயர் வைத்த ஊர் இது. நெரிசலை விட்டு வெளியே போக வேண்டும் என்று ஊருக்கு மேற்கே அளந்து, நேர்த் தெருவாக வளர்த்ததுதான் ஆர்.எஸ்.புரம், இரத்தினசபாபதி முதலியார் பெயர். அங்கே தெரு அகலமாகவும் வீட்டுக்கு முன் கொஞ்சம் மண்ணும் மரமும் இருப்பதற்குக் காரணம் அந்தப் பயம்தான். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. பீளமேடு, சிங்காநல்லூர், பாப்பநாயக்கன்பாளையம், புலியகுளம் பக்கம் மில் ஆட்களுக்கான லைன் வீடுகள் அந்தக் காலத்தின் மிச்சம்.

ரேஸ்கோர்ஸைக் கேட்காதீர்கள். நடைப்பயிற்சிக்குப் போகலாம், வாடகைக்கு அவ்வளவாகக் கிடைக்காது. கிடைத்தாலும் நம்ம கைக்கு அடங்காது.

ஆன்லைன்ல தேடுனா எல்லாமே புது அபார்ட்மென்ட்டாத்தான் வருதுங்க. பழைய வீட்டை எங்க புடிக்கறது?

நடந்து பிடிக்க வேண்டும். பழைய வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்; போட்டோ எடுத்துப் போட மாட்டார்கள். கேட்டில் ஒரு டு-லெட் அட்டை தொங்கும், பல வீட்டில் அதுவும் தொங்காது. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரருக்கு எந்த வீட்டில் துணி வருவது நின்றது என்று தெரியும். பால் ஊற்றுகிறவருக்கு எந்த வீட்டில் அடுத்த மாதம் காலி என்று தெரியும். ஒரே தெருவில் மூன்று நாள் காலையில் டீ குடித்தால் நான்காம் நாள் அவர்களே "இன்னும் வீடு அமையலீங்களா?" என்பார்கள். புரோக்கர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகை கமிஷன் என்பது வழக்கம். வீடு பார்க்கும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள்.

காலமும் முக்கியம். மே மாதம் பள்ளிக்கூடச் சேர்க்கைக்காக ஊரே வீடு தேடும். அப்போது பேரம் பேசவே முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்சமாட்டார்கள், வீடு சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் பார்த்துப் பேசி முடித்து, அடுத்த மாதம் முதல் நல்ல நாளில் குடிபோவதாகச் சொன்னால் வாடகையில் கொஞ்சம் இறங்கி வருவார்கள். எனக்கு இருமுறை பலித்திருக்கிறது.

வீடு பாக்கப் போனா முதல்ல எதைப் பாக்கோணும்?

தண்ணீர். தூணும் திண்ணையும் ஓடிப்போகாது, அப்புறம் பாருங்கள்.

கோவையில் எந்த வீட்டிலும் இரண்டு தண்ணீர் உண்டு: நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் மாநகராட்சிக் குழாயில் வருவது. பழைய ஊருக்குள்ளும் மேற்கிலும் பெரும்பாலும் சிறுவாணி, மற்ற பக்கம் பில்லூர். உப்புத் தண்ணீர் போர் தண்ணீர், குளிக்க, துவைக்க. சிறுவாணி உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று வீட்டுக்காரர் கட்டாயம் சொல்வார். யார் குடித்துப் பார்த்து வரிசை போட்டார்கள் என்று கேட்காமல் இதைக் கேளுங்கள்: எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எத்தனை குடும்பத்துக்கு ஒரு குழாய்? சிறுவாணி அணை இருப்பது கேரளத்துக்குள். அங்கே மழை தவறினால் இங்கே தண்ணீர் விடும் நாள் தள்ளிப்போகும். அதனால் பங்குனி, சித்திரையில் எப்படி இருந்தது என்று தனியாகக் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் அல்ல, பக்கத்துப் போர்ஷனில்.

நான் ஏமாந்த கதையும் இதுதான். தெப்பக்குளம் வீதி மாடி வீட்டில் மர ஏணிப்படியைப் பார்த்த மயக்கத்தில் அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். குடிபோன பிறகுதான் தெரிந்தது, குழாய்த் தண்ணீருக்கு மாடி ஏறும் வேகம் கிடையாது, கீழே சேமிக்கச் சம்பும் கிடையாது. தண்ணீர் விடும் நாளெல்லாம் விடியற்காலையில் அதே அழகான ஏணிப்படியில் பதினெட்டுக் குடம். இரண்டு வருடம் சுமந்தேன். உப்புத் தண்ணீருக்கு ஒரு சோதனை: குளியலறைக் குழாய் வாயைப் பாருங்கள். வெள்ளையாகக் கட்டி தட்டியிருந்தால் உங்கள் ஹீட்டரின் கதியும் அதுதான்.

நான் துபாய்ல பத்து வருஷம் இருந்துட்டு ஊருக்கு வர்றேங்க. பர் துபாய் பழைய தெருவுல இருந்த மாதிரி, ஏசி இல்லாம காத்தாட இருக்கற வீடு இங்க கிடைக்குமா?

நீங்கள் சொல்வது அல் ஃபாஹிதி பக்கம் என்று நினைக்கிறேன். பவளக்கல்லும் ஜிப்சமும் சேர்த்த கனத்த சுவர், வீட்டுக்கு மேல் காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் கோபுரம், நிழல் விழும் ஒடுங்கிய சந்து. இங்கே கோபுரம் தேவைப்படவில்லை. பாலக்காட்டுக் கணவாய் என்று மலையிலேயே பெரிய ஜன்னல் இருக்கிறது. வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி முடிய அந்த வழியாக வரும் மேல்காற்றுக்கு ஊரே குளிர்ந்துவிடும். சித்திரைதான் சோதனை.

அதனால் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். மேற்கில் ஜன்னலும் கிழக்கில் ஒரு கதவோ தொட்டியோ (வானம் பார்த்த முற்றத்துக்கு இங்கே அதுதான் பெயர்) இருந்தால் காற்று புகுந்து வெளியேறும். பல வீட்டில் தொட்டிக்கு மேல் ஃபைபர் ஷீட் போட்டு மூடிவிட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பகலில் இட்லிப் பானைக்குள் இருப்பது போலத்தான் இருக்கும். மேல்காற்று வீசும் மாதங்களில் தூசியும் சேர்ந்து வரும், கதவுகள் படார் படாரென்று அடிக்கும். கொக்கி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டு வீடு ஒழுகுமா, ஒழுகாதா? உண்மையைச் சொல்லுங்க.

ஒழுகும். மழை மறைவுப் பிரதேசம் என்பதால் வருடத்தில் பல மாதம் ஒழுகாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஐப்பசி அடைமழையில்தான் ஓட்டின் யோக்கியதை தெரியும். வெயில் காலத்தில் வீடு பார்த்தால் அண்ணாந்து ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டையில் கறுப்புக் கறை இருக்கிறதா, சுவரில் மேலிருந்து பழுப்பாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மங்களூர் ஓடு உடைந்தால் ஒன்றை உருவி வேறு ஒன்றைச் செருகலாம், அரை நாள் வேலை. நாட்டு ஓடு என்றால் முழுக்கப் பிரித்து அடுக்க வேண்டும்; அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

ஓடு மாற்றும் செலவு வீட்டுக்காரருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாயால் "பாத்துக்கலாங்க" என்றால் போதாது. எலி, பூனை, சில இடத்தில் மரநாய் ஆகியவையும் உங்களோடு குடியிருக்கும். அதற்கு ஒப்பந்தம் எதுவும் கிடையாது.

சுவத்துல ஆணி அடிச்சா கொட்டுதுங்களே, என்ன பண்றது?

சுண்ணாம்புச் சுவர் அப்படித்தான். ராம் நகர் வீட்டில் ஒரு காலண்டர் மாட்டப்போய் உள்ளங்கை அளவு காரையைப் பெயர்த்திருக்கிறேன். டிவி மாட்டுகிற கடைப்பையன் டிரில்லை எடுக்கும் முன் தடுத்துவிடுங்கள். டிவியை மேசைமேல் வைத்துவிடலாம். கனமான பொருளுக்கு மரச்சட்டமோ கதவு நிலைக்கு மேல் உள்ள உத்திரமோதான் இடம்.

சுவர் உப்புப் பூத்து உதிர்ந்தால் வீட்டுக்காரர் சிமென்ட் பூசி, மேலே பளபள பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொல்வார். வேண்டாம் என்று சொல்லுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை மூச்சுப்போல வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்துவிட, அடுத்த மழைக்குப் பூச்சு மொத்தமாகக் கழன்று வரும். சுண்ணாம்பே அடிக்கச் சொல்லுங்கள். அவருக்கும் செலவு குறைவு.

கரண்டுக்கு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வீட்டுக்காரரே வாங்கறாரு. அது சரியா?

பழைய வீட்டை நாலைந்து போர்ஷனாகப் பிரித்த இடத்தில் இது சகஜம். ஒரே சர்வீஸ் (மின் இணைப்பு), போர்ஷனுக்கு ஒரு சப்-மீட்டர். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஐந்து குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் அந்த 100 எல்லாருக்கும் சேர்த்துத்தான். போதாக்குறைக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடும். தனி இணைப்பில் இருந்தால் உங்கள் வீடு அங்கே போயே இருக்காது. ஆகவே தனி சர்வீஸ் உள்ள போர்ஷனுக்கு வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள், பல சமயம் அதுதான் மலிவு.

ஒயரிங்கையும் பாருங்கள். மரப்பட்டையில் ஒயர் ஓடும் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய்ச் சோதியுங்கள். ஏசி போடுவதாக இருந்தால் மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுக்க அனுமதி வாங்கிவிட்டுத்தான் அட்வான்ஸ்.

அட்வான்ஸ் பத்து மாசம் கேக்கறாங்க. சட்டத்துல மூணு மாசம்தானாமே?

2017-ஆம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஆனால் "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. பத்து மாதம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேச முடியாது. பேரத்தின்போது அந்த மூன்றைச் சொல்லுங்கள், ஐந்தோ ஆறோ அமையும்.

வாடகைக்கு எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். "பதினொரு மாசம்தானே, பதியத் தேவையில்லை" என்பது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றிய பழைய கணக்கு. இது வேறு பதிவு. இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். தகராறு வந்தாலும் வீட்டுக்காரர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. உள்ளே வந்து பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். நிஜத்தில் எந்தப் பாட்டியும் அப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லை. கையில் முருங்கைக்காயோடு வருவதால் நானும் கேட்பதில்லை.

"நீங்க என்ன ஆளுங்க?"ன்னு கேக்கறாங்க. என்ன பதில் சொல்றது?

ஜாதியைக் கேட்கும் இந்தக் கேள்வி வரும், தயாராகப் போங்கள். நேராகக் கேட்பவர் குறைவு. "சொந்த ஊர் எதுங்க?", "சொந்தபந்தமெல்லாம் எந்தப் பக்கம்?" என்று சுற்றி வளைத்து வந்து, "எந்தக் கூட்டம்?" (எந்தக் குலம்) என்பதில் முடிப்பார்கள். "சைவமா?" என்பதும் பல இடத்தில் அதே கேள்விதான், வேறு சட்டை போட்டு வருகிறது. முஸ்லிம் நண்பர்களுக்குக் கோட்டைமேட்டையும் கரும்புக்கடையையும் புரோக்கர்களே கைகாட்டிவிடுகிறார்கள். கேட்காமலேயே.

நான் செய்வது: ஊரைச் சொல்வேன், வேலையைச் சொல்வேன், அதற்கு மேல் "வாடகை ஐந்தாம் தேதிக்குள் வந்துடுமுங்க" என்று நிறுத்திக்கொள்வேன். அதோடு முகம் மாறினால் எழுந்து வந்துவிடுவேன். பொய் சொல்லி உள்ளே போன சிலரை அறிவேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கறி சமைக்கும் வாழ்க்கைக்கு இத்தனை அழகான திண்ணை எதற்கு? எல்லாரும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். புலியகுளத்தில் அந்தோணியார் கோயில் தேருக்கும் முந்தி விநாயகர் சதுர்த்திக்கும் எங்கள் லைனே சேர்ந்து வேலை செய்யும். அங்கே இருந்த ஆறு வருடமும் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

தனியா இருக்கற பொண்ணுக்குக் குடுப்பாங்களா?

கொடுப்பார்கள், நாலு இடத்தில் மறுத்த பிறகு. வீட்டுக்காரர் கீழேயே குடியிருக்கும் வீடுகளில் சுலபம். பதிலுக்கு இரவு எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று அவருக்கும் தெருவுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. காய்ச்சலில் படுத்த வாரம் தெருவே ரசம் கொண்டு வந்தது. இரண்டையும் பிரித்து வாங்க முடியவில்லை.

லைன் வீடு, லைன் வீடுங்கறீங்களே, அதுல குடும்பம் இருக்க முடியுமா?

ஒரே கூரையின்கீழ் வரிசையாக ஒற்றை அறையும் சமையக்கட்டும், எதிரே நீள வாசல், கடைசியில் பொதுக் கழிப்பறை. பழைய லைன் வீட்டின் அமைப்பு அதுதான். வாடகை குறைவு, தனிமை அதைவிடக் குறைவு. பார்க்கும்போது கழிப்பறைக்கு எத்தனை குடும்பம் என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் என்றால் காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதுப்படாது. சில இடத்தில் இரண்டு வீட்டை இடித்துச் சேர்த்து, உள்ளேயே குளியலறை வைத்துத் தருகிறார்கள். அப்படிக் கிடைத்தால் விடாதீர்கள்.

கார் இருக்குதுங்க. டவுன்ஹால் பக்கம் வீடு பாக்கலாமா?

காரை விற்றுவிட்டுப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரங்கே கவுடர் வீதி, தாமஸ் வீதி பக்கம் பகலெல்லாம் மூட்டை ஏற்றி இறக்குவார்கள். ராத்திரி வைக்கக் காசு கொடுத்து ஓரிடம் பிடித்தாலும் காலையில் எடுக்க முடியாது. மாசியில் கோனியம்மன் தேரோட்டத்தன்று தேர் ஓடும் நாலு வீதியிலும் வண்டி நகராது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு மாடியில் நின்று பாருங்கள். வாடகையில் பாதி அதற்கே சரியாய்ப் போகும்.

கார் கட்டாயம் வேண்டும் என்றால் ஆர்.எஸ்.புரத்தின் உள்தெருக்கள், அல்லது ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பேரூர். பட்டீசுவரர் கோயிலைச் சுற்றி இன்னும் திண்ணை வீடுகள் உண்டு, நொய்யல் பக்கத்திலேயே. எங்கே எடுத்தாலும் மழை நாளில் லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் நிற்கும் என்பதை வேலைக்குப் போகும் வழியோடு சேர்த்து யோசியுங்கள்.

ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சியில இந்த மாதிரி கிடைக்காதுங்களா?

கிடைக்கும். ஈரோட்டில் கோட்டைப் பகுதியும் கருங்கல்பாளையமும் அழகு. ஆனால் வெயில் வேறு ரகம். கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே, ஈரோடு அதில் பாதிகூட இல்லை, கணவாய்க் காற்றும் அங்கே போவதற்குள் சூடாகிவிடும். ஓட்டுக்குக் கீழே மரப்பலகைத் தட்டு இருந்தால் மட்டும் எடுங்கள். திருப்பூரில் பனியன் வேலைக்கு வருகிறவர்களால் லைன் வீடு காலியாகவே இருக்காது. சாயக்கழிவுப் பிரச்சினையில் 2011-இல் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் என்பதால் போர் தண்ணீரைச் சோதிக்காமல் முடிக்காதீர்கள். பொள்ளாச்சி சொர்க்கம்தான், வேலை மட்டும் அங்கே கிடைத்துவிட்டால்.

வீடு ரொம்பப் புடிச்சுப்போச்சு. வாடகை வேண்டாம், மொத்தமா ஒத்திக்கு எடுத்துக்கங்கறாங்க. எடுக்கலாமா?

பழைய வீட்டில் ஒத்தி, போக்கியம், லீஸ் என்று எந்தப் பெயரில் வந்தாலும் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்: வீடு இப்போது யார் யார் பெயரில்? தாத்தா பெயரிலேயே பத்திரம் கிடக்கும். நான்கு பங்காளிகள் இருப்பார்கள். உங்களிடம் பேசுகிறவர் அதில் ஒருவர். அவரிடம் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், பாகப்பிரிவினை வழக்கு என்று இன்னொருவர் வந்து கதவைத் தட்டும்போது பணம் யாரிடம் கேட்பது? வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, மின் இணைப்பில் உள்ள பெயர் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு, பதிவும் ஆனால் யோசிக்கலாம். என்னைக் கேட்டால் மாத வாடகையே போதும். அட்வான்ஸ் மாட்டிக்கொண்டால் சில மாத வாடகைதான் போகும். ஒத்திப்பணம் மாட்டினால் வருடக்கணக்கான சேமிப்பு.

குடிபோன ஆறாவது மாசமே "வீட்டை விக்கப் போறோம், காலி பண்ணுங்க"ன்னா?

பழைய வீட்டின் பெரிய ஆபத்து இதுதான். ஒழுகலோ எலியோ அல்ல. மனை விலை ஏறிய தெருவில் ஒவ்வொரு ஓட்டு வீட்டுக்கும் பின்னால் ஒரு கட்டிடக்காரர் காத்திருக்கிறார். ஒப்பந்தத்தில் குறைந்தது இரண்டு மூன்று மாத முன்னறிவிப்பு, ஒப்பந்தக் காலம் முடியும்முன் விற்றாலும் வாங்குகிறவர் உங்களை அதுவரை தொடர விட வேண்டும், காலி செய்யும் அன்றே அட்வான்ஸ் என்று எழுதுங்கள். பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பதும் இங்கே வழக்கம். இடிக்கப் போகிற வீட்டுக்கு எதற்குப் பெயிண்ட் என்று கேட்டேன், தெப்பக்குளம் வீதியில். "வழக்கம்ங்க" என்று சொல்லிப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது ஒப்பந்தத்தில் அந்த வரியையும் நானே முதலில் எழுதிக்கொண்டு போகிறேன்.